மூன்று மில்லிமீட்டர் பாதையில்

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் மூன்று மில்லிமீட்டர் அகலம். அதற்குள் கம்பி விடுவதுதான் எங்கள் தொழில், தப்பு நடக்க அந்த இடமே தாராளம்.

திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கேத்லேபில் இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்தேன். தொடையிலோ மணிக்கட்டிலோ சின்னதாகத் துளை போட்டு, நீளமான மெல்லிய குழாயை இதயம் வரைக்கும் தள்ளி, டை என்கிற மருந்தை அதன் வழியாக அடித்து, எங்கே அடைப்பு என்று எக்ஸ்ரே திரையில் பார்க்கிற அறைக்குத்தான் கேத்லேப் என்று பேர். அடைப்பு இருந்தால் அங்கேயே பலூனை ஊதி விரித்து, ஸ்டென்ட் என்கிற வலைக்குழலை வைத்துவிட்டு வருவார்கள். நான் நகரிக்காரி. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தறி, எனக்கு மட்டும் ஊசி. நான் வேலைக்குச் சேர்ந்தது நாடு கதவைத் திறந்துவிட்ட சமயம். வெளிநாட்டு எந்திரங்கள் எங்கள் ஊர்ப்பக்கம் வந்தன, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போனார்கள். பிள்ளைகளை வழியனுப்பிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர்கள் அந்த எந்திரத்துக்குக் கீழே வந்து படுத்தார்கள்.

எக்ஸ்ரே கதிர் படாமலிருக்க ஈயக் கோட்டு மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நின்றவர்களே, மேசையில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களே, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தவர்களே, இது உங்களுக்காக எழுதுவது. மற்றவர்களும் படிக்கலாம். இன்றைக்கு இல்லாவிட்டாலும் என்றைக்காவது நம் கூட்டத்துக்கு வந்து சேரவேண்டியவர்கள்தானே.

தக்கு

முதலில் நான் வார்டு நர்ஸ். ஒரு நாள் குடுபல்லிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு விவசாயியை ஆஞ்சியோவுக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, கேஸ் ஷீட்டை வாங்கிப்போகக் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். வலது பக்கக் குழாயில் டை போனதும் அவருடைய நாடி எழுபதிலிருந்து ஐம்பது, ஐம்பதிலிருந்து முப்பது என்று இறங்கிவிட்டது. அந்த மாதிரி நேரத்தில் நோயாளியைப் பலமாக இருமச் சொல்வார்கள். இருமுகிற வேகத்தில் டை முன்னால் தள்ளப்பட்டு, பின்னால் ரத்தம் வந்து, துடிப்பு திரும்பிவிடும். பெரிய டாக்டர் தெலுங்கில் "தக்கு! தக்கு!" என்று கத்தினார். இருமு என்று அர்த்தம்.

குடுபல்லித் தமிழர்களுக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும். ஆனால் பயந்து கிடக்கிறவனுக்கு வீட்டில் பேசின மொழியைத் தவிர எதுவும் காதில் ஏறாது என்று அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். அவர் டாக்டரைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார். டாக்டர் இன்னும் சத்தமாகக் கத்தினார். அவர் இன்னும் பணிவாகத் தலையாட்டினார். நாடி இருபத்தெட்டு. நான் கதவோரத்திலிருந்து, "யோவ், இருமுய்யா! இருமித் தொலை!" என்று கூச்சல் போட்டேன். அவர் திடுக்கிட்டு இருமினார். நான்கு இருமலில் நாடி அறுபதுக்கு வந்துவிட்டது. எல்லாம் முடிந்து பெரிய டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே என் பேரைக்கூடக் கேட்காமல், நாளையிலிருந்து என் வேலை இந்த அறையில்தான் என்று தெலுங்கில் சொன்னார்: "ரேபட்டி நுஞ்சி நுவ்வு இக்கடே."

உதைத்தவன் பேர்

கேத்லேபில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. தப்பு செய்தால் முறைக்கிறவர் ஒருவர் இருந்தார். டெக்னீஷியன் ராஜு அண்ணா. எந்திரத்தை ஓட்டுவதும், திரையில் ஓடுகிற கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அவர் வேலை. தெலுங்குக்காரர். என்னிடம் தமிழில் பேசுவார், முறைப்பது மட்டும் தெலுங்கில்.

நான் சேர்ந்த மாதமே சித்தூரைச் சேர்ந்த ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். பேசிக்கொண்டே படுத்திருந்தவர் பாதி வார்த்தையில் நின்றுவிட்டார். திரையில் ஒழுங்காக ஏறி இறங்கிக்கொண்டிருந்த கோடு புழு மாதிரி நெளிந்தது. இதயம் துடிக்காமல் நடுங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். குழாயை வெளியே இழு, எல்லாரும் மேசையிலிருந்து கையை எடு, ஷாக் கொடு. பத்து எண்ணுவதற்குள் நடந்துவிட்டது. கோடு மறுபடி ஒழுங்கானது. ஒரு மனிதர் செத்துத் திரும்பியதை அப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறேன். அவர் கண்ணைத் திறந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கோபமான கோபம். "மார்ல எட்டி ஒதச்சது எவன்? பேர மட்டும் சொல்லுங்க, வேற ஒண்ணும் வாணாம்."

சும்மா படுங்க

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

அவர் சித்தூர் வெல்ல மண்டியில் மூட்டை தூக்குகிறவர். பேர் முனுசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடை வழியாகப் போய் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். சுலபமான கேஸ். தொடையிலிருந்து குழாயை எடுத்த பிறகு அந்தத் துளையைக் கையால் இருபது நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நான்தான் பிடித்தேன். இருபது நிமிஷமும் அவர் தன் மகள் பெங்களூரில் தையல் கம்பெனியில் இருப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ரத்தம் நின்றது. கட்டுப் போட்டு, ஆறு மணிநேரம் காலை மடக்காமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, "இடுப்பாண்ட முதுகு வலிக்குதும்மா" என்றார். மல்லாந்து அசையாமல் கிடக்கிற எல்லாருக்கும் முதுகு வலிக்கும். தினமும் எட்டுப் பேர் என்னிடம் அதைச் சொல்வார்கள். கட்டைத் தொட்டுப் பார்த்தேன். வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை. "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். சும்மா படுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விட்டேன்.

துளை ஒரு விரற்கடை மேலே விழுந்திருந்தது. அந்த மாதிரி விழுந்தால் ரத்தம் வெளியே வராது, பின்பக்கமாக வயிற்றுக்குப் பின்னால் கசிந்துகொண்டே இருக்கும். வெளியே தெரிகிற ஒரே அடையாளம் முதுகுவலி. என்னைக் கூப்பிட்டபோது அவர் வேர்த்து நனைந்திருந்தார், பிரஷர் எழுபதுக்குக் கீழே. ரத்தம் ஏற்றினோம், வயிற்றை அழுத்திப் பிடித்தோம், சர்ஜன் ஓடிவந்தார். முனுசாமி ஆபரேஷன் மேசையிலேயே போய்விட்டார். அதற்குப் பிறகு யாராவது முதுகு வலிக்கிறது என்றால் நான் முதலில் நாடியைப் பிடிப்பேன், பிரஷர் பார்ப்பேன், அடிவயிற்றை அமுக்கிப் பார்ப்பேன், பிறகுதான் வாயைத் திறப்பேன். எத்தனையோ பேரிடம் அதனால் சிடுசிடுப்பு வாங்கியிருக்கிறேன். ஆனால் முனுசாமியின் மனைவி என்னிடம் சிடுசிடுக்கவில்லை. நான் எதிரே போய் நின்றபோது, நடந்ததை எனக்கு விளக்குகிற மாதிரிதான் சொன்னார். "நீ சும்மா படுன்னு சொன்னியாம்மா, அதான் யாரையும் கூப்புடாம சும்மா படுத்துக்கினு இருந்தாரு."

சிக்கு

பிறகு பெரும்பாலும் தொடையை விட்டுவிட்டு மணிக்கட்டு வழியாகப் போக ஆரம்பித்தார்கள். ரத்தக் கசிவு பயம் குறைந்தது. நோயாளி உடனே எழுந்து உட்காரலாம். ஆனால் கைக்குழாய் மெல்லியது. கோபம் வந்தால் சுருங்கி, உள்ளே போன கம்பியைக் கவ்விக்கொள்ளும்.

நகரியில் பவர்லூம் ஓட்டுகிற ஒருவரின் கையில் அப்படித்தான் கவ்விக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அப்போது புதிதாக வந்திருந்த சின்ன டாக்டர் இழுத்தார். தறிக்காரர் அலறினார். சின்ன டாக்டருக்கு வேர்த்தது, இன்னும் கொஞ்சம் இழுத்தார். பலமாக இழுத்தால் குழாயின் உள்தோலே உரிந்து கூடவே வந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் சிக்கிக்கொண்ட கைக்கு வேறு எதுவும் தோன்றாது. பெரிய டாக்டர் உள்ளே வந்து சின்ன டாக்டரின் கையை விலக்கிவிட்டார். குழாய் விரிகிற மருந்து கொடுத்தோம், மயக்கத்துக்குக் கொஞ்சம் கொடுத்தோம், வெதுவெதுப்பான ஈரத்துணியைக் கைமுழுக்கச் சுற்றினேன். பிறகு அறையிலிருந்த ஐந்து பேரும் ஒன்றும் செய்யாமல் நின்றோம். டாக்டர்களுக்கு இதைவிடக் கஷ்டமான சிகிச்சை கிடையாது. முக்கால் மணிநேரம் கழித்து, பெரிய டாக்டர் இரண்டு விரலால் லேசாகப் பிடித்ததும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கை தப்பியது. ஆனால் அந்தக் கையில் அப்புறம் நாடி வரவேயில்லை. இன்னொரு குழாய் இருப்பதால் விரல்கள் பிழைத்தன. அரைமயக்கத்திலிருந்த அவர் சின்ன டாக்டரைத் தேடிப் பார்த்துச் சொன்னார். "நூலு சிக்கிக்கினா தறிய நிறுத்துவாங்களா, இன்னும் வேகமா ஓட்டுவாங்களா, நீயே சொல்லு சார்?"

குமிழி

இது சின்னது. குழாய்க்குள் டை அடிக்கிறதற்கு முன்னால் அதில் ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் தட்டித் தட்டி வெளியேற்றுவது என் பொறுப்பு. ஒரு நாள் ஆறாவது கேஸில் எனக்குக் கவனம் சிதறியது. என் மகளுக்கு அன்றைக்கு வளைகுடாவுக்கு விமானம். துபாயில் ஆஸ்பத்திரி வேலை. நான் வழியனுப்பப் போகவில்லை. கடுகு அளவு ஒரு குமிழி குழாயில் ஏறிவிட்டது. திரையில் அது உருண்டு போவதை மூன்று பேர் பார்த்தோம். நோயாளியின் முகம் சுருங்கியது, பிரஷர் விழுந்தது. மூக்கில் முழு ஆக்சிஜன், மருந்து, உறிஞ்சல். நான்கு நிமிஷத்தில் சரியாகிவிட்டது. அந்த நான்கு நிமிஷத்தில் என் மகளும் ஏறிவிட்டிருப்பாள். யாரும் என்னைத் திட்டவில்லை. ராஜு அண்ணா மட்டும் கேஸ் முடிந்து கோட்டைக் கழற்றும்போது, என் பக்கம் திரும்பாமல் சொன்னார். "வீட்டுக் கவலைய கோட்டு மாட்ற ஆணியிலேயே மாட்டிட்டு வரணும் சிஸ்டர், போறப்போ எடுத்துக்கலாம், அது எங்கயும் போகாது."

கேள்விகள்

சித்தூரில் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர். மனைவி இல்லை. ஒரே மகன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. பெரிய மாரடைப்பு, பக்கத்து வீட்டுக்காரர் காரில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அந்த மாதிரி கேஸில் ஒவ்வொரு நிமிஷமும் இதயத்தின் ஒரு துண்டு செத்துக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் மகனுக்குப் போன் போட்டு டாக்டர் காதில் வைத்தார். மகன் கேள்வி கேட்டான். எந்தக் குழாய், எத்தனை சதவீதம், எந்த மாதிரி ஸ்டென்ட், மருந்து பூசினதா, ஆபரேஷன் நல்லதா இது நல்லதா. அந்தப் பக்கத்தில் கம்ப்யூட்டரில் படித்துக்கொண்டே கேட்கிறான் என்று தெரிந்தது. நான் மேசையில் இருந்தவரின் தொடையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். அவருக்கு எல்லாம் கேட்டது. "அவன் கேட்டு முடிக்கட்டும்மா, சின்னப் புள்ளையிலருந்தே அவன் அப்படித்தான்" என்று சிரித்தார். உதடு நீலமாக இருந்தது. டாக்டர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டார்.

அடைப்பு திறந்தது. பலூன், ஸ்டென்ட், எல்லாம் அழகாக உட்கார்ந்தன. ஆனால் டை அடித்தபோது அது குழாயின் பாதியிலேயே நின்றது. பெரிய வழியைத் திறந்தாயிற்று, அதிலிருந்து பிரிகிற மயிரிழை வழிகளெல்லாம் தூசும் கட்டியும் அடைத்துக்கிடந்தன. இதற்குக் கம்பியும் கிடையாது பலூனும் கிடையாது. குழாயின் நுனி வரைக்கும் போய், அங்கே கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைச் சொட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ஒன்பது தடவை சொட்டினோம். கொஞ்சம் ஓடியது. மூன்றாம் நாள் காலையில் அவர் போய்விட்டார்.

மகன் வந்தபோது கொள்ளி வைக்கத்தான் நேரமிருந்தது. எட்டாம் நாள் கேத்லேப் வாசலில் வந்து நின்றான், தலை மழித்திருந்தது. கையில் அச்சடித்த தாள்கள், கேள்விகளுக்கு நம்பர் போட்டிருந்தான். டாக்டர் வருகிற வரைக்கும் உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தான். தாள்களை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "டாக்டர் வேணாம் சிஸ்டர். நான் போன்ல பேசிக்கினே இருந்தப்போ நைனா என்னத் திட்டினாரா, அது மட்டும் சொல்லுங்க."

கழன்றது

காணிப்பாக்கத்தில், வழக்குத் தீர்க்கச் சத்தியம் பண்ண ஆட்கள் வருகிற பிள்ளையார் கோயில் வாசலில் தேங்காய் விற்கிறவர் அவர். குழாய் முழுக்கச் சுண்ணாம்பு படிந்து கல்லாக இருந்தது. பலூனை எத்தனை தடவை ஊதினாலும் கல் அசையவில்லை. ஸ்டென்டைத் தள்ளினார்கள், போகவில்லை. திரும்ப இழுத்தபோது பலூன் மட்டும் வந்தது, ஸ்டென்ட் கழன்று பாதி வழியில் நின்றுவிட்டது. இந்த இடத்தில் பதறிக் கம்பியை உருவிவிட்டால் அவ்வளவுதான். கம்பி இன்னும் அந்த ஸ்டென்டுக்குள்தான் இருக்கிறது, அதுதான் ஒரே பிடி. பெரிய டாக்டர் ரொம்பச் சின்ன பலூன் ஒன்றை அதே கம்பி மேல் ஸ்டென்டுக்குள் நுழைத்து, லேசாக ஊதி, அதோடு சேர்த்துப் பின்னால் கொண்டுவந்தார். இதயத்திலிருந்து வெளியே வந்துவிட்டது. அத்தனை பேரும் மூச்சு விட்டோம். தொடை வரைக்கும் வந்தபோது அது நழுவி, காலில் ஒரு சின்னக் கிளைக்குழாயில் போய் மாட்டிக்கொண்டது. அங்கே கிடந்தால் ஆபத்தில்லை. எடுக்கப் போனால்தான் ஆபத்து.

ஆஸ்பத்திரி மேனேஜர் கேத்லேபுக்கு வந்து, காலுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்றால் எதற்கு வீணாகச் சொல்லிப் பயமுறுத்த வேண்டும் என்று கேட்டார். பெரிய டாக்டர் நேரே வார்டுக்குப் போனார், கட்டிலில் உட்கார்ந்தார். அடைப்பை எடுக்க முடியவில்லை, ஸ்டென்ட் காலில் தங்கிவிட்டது, இனி நெஞ்சைத் திறந்து செய்கிற ஆபரேஷன்தான் வழி என்று எல்லாவற்றையும் சொன்னார். தேங்காய்க்காரர் கேட்டுக்கொண்டார். ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டார். மாத்திரையோடு போனவர் ஒன்றரை வருஷம் இருந்தார் என்று கேள்வி. அன்றைக்குக் கிளம்பும்போது டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இது. "பொய்யா சத்தியம் பண்ண வர்றவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் சார், தெனம் பாக்கறேன். உன் மூஞ்சி அப்படி இல்ல, போயிட்டு வர்றேன்."

ஒரு வாய்த் தண்ணி

சத்தியவேட்டிலிருந்து வந்த வள்ளியம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது. கூலிக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பம், பிறகு கொஞ்சம் நிலம் வந்தது. மகள் மட்டும் நிலத்துக்குப் போகாமல் புதிதாக வந்த தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வள்ளியம்மாவின் குழாய் வருஷக்கணக்கில் முழுசாக அடைத்துக்கிடந்தது. அந்த மாதிரி அடைப்பைத் துளைக்க விறைப்பான கம்பி வேண்டும். விறைப்பான கம்பிக்கு எது வழி எது சுவர் என்று தெரியாது. டை அடித்தபோது குழாய்க்கு வெளியே புகை மாதிரி பரவியது. சுவர் ஓட்டை.

இதயத்தைச் சுற்றி ஒரு பை இருக்கிறது. அதில் ரத்தம் நிரம்பினால் இதயம் விரிய இடமில்லாமல் நெரிபடும். பிரஷர் ஐம்பது. டாக்டர் ஓட்டையின் மேல் பலூனை ஊதி அடைத்துப் பிடித்தார். சின்ன டாக்டர், அதற்குள் சின்ன டாக்டர் என்று சொல்ல முடியாத அளவுக்குத் தேறியிருந்தார், மார்புக்கூட்டுக்குக் கீழே ஊசி போட்டுப் பையிலிருந்து ரத்தத்தை இழுத்தார். இழுத்த ரத்தத்தை நான் வாங்கி வள்ளியம்மாவின் தொடை ரத்தநாளம் வழியாகத் திருப்பி ஏற்றினேன். வேறு ரத்தம் வந்துசேரும் வரை அதுதான் வழி. வள்ளியம்மா முழு நினைவோடு இருந்தார். "தண்ணி கொடு" என்றார். கொடுக்கக் கூடாது, வாந்தியெடுத்தால் மூச்சில் ஏறிவிடும். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். "தண்ணின்னா தண்ணி கொடும்மா, தொடைக்காத." ஒரு மணிநேரம் இதுவே. ஊசி, ரத்தம், தண்ணி. கடைசியில் கசிவு நின்றது.

பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மகள் கூடவே இருந்தாள். கழுத்தில் தொழிற்சாலை அடையாள அட்டையைக் கழற்றவில்லை, என்றைக்கு வேண்டுமானாலும் இங்கிருந்தே வேலைக்கு ஓடிவிடலாம் என்கிற மாதிரி. பதினான்காம் நாள் அட்டை இல்லாமல் இருந்தாள். வீட்டுக்குப் போகிற நாளில் வள்ளியம்மாவிடம், நீங்கள் பிழைத்தது பெரிய விஷயம் என்று சொல்லி வைத்தேன். எங்களுக்கும் ஒரு நல்ல வார்த்தை கேட்க ஆசை இருக்குமே. அவர் மகள் பையைக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் பொழச்சிக்கினேன், எம் பொண்ணுக்கு வேல போயிடிச்சி. இது எங்க கொண்டாந்து வுடுமோ, நீ தண்ணியே கொடுத்திருக்கலாம்."

மேசை

ஒரு நாள் காலையில் முதல் கேஸை அழைத்துவரச் சொல்லிவிட்டு ராஜு அண்ணா ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் வேலை நேரத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நெற்றி முழுக்க வேர்வை. நான் ஈசிஜி எடுத்தேன். தாள் எந்திரத்திலிருந்து வெளியே வர வர அவரே தலைகீழாகப் படித்துவிட்டார். "முதல் கேஸை வெயிட் பண்ணச் சொல்லு" என்றார். பதினைந்து வருஷமாக மற்றவர்களை ஏற்றிய மேசையில் அவரை ஏற்றினோம். நர்ஸிங் ஸ்கூல் முடித்து வந்திருந்த புதுப் பெண் அவர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொன்னாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் எல்லாருக்கும் வாயில் பழகிய வார்த்தை அது.

குழாய் இதயத்தின் இடது வாசலைத் தொட்ட நிமிஷம், திரையில் பிரஷர் கோடு தட்டையானது. வாசலே குறுகிப்போயிருந்தால், குழாயின் நுனி மூடி மாதிரி அதை அடைத்துவிடும். அதனால்தான் கோடு அப்படி விழுவது. அங்கே ஒரு நொடி தங்கினாலும் ஆள் போய்விடுவார். டாக்டர் பார்க்கிறதற்கு முன்னால் மேசையிலிருந்து குரல் வந்தது, "பிரஷர் விழுது சார், வெளிய எடுங்க." டாக்டர் உடனே இழுத்துக்கொண்டார். மெதுவாக, வாசலுக்கு வெளியே நின்றபடியே ஒரே ஒரு படம் எடுத்தார். இடது பக்கத்து இரண்டு பெரிய குழாய்க்கும் பொதுவான தலைவாசல் நூலளவுக்கு இருந்தது. எல்லாரும் அவரைப் பார்த்தோம். பல ஆயிரம் படம் பார்த்தவரிடம் எதையும் மறைக்க முடியாது. "திரைய அந்தப் பக்கம் திருப்பிடும்மா" என்றார். திருப்பினேன். கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று தோன்றியது, எங்களுக்குள் அந்தப் பழக்கம் கிடையாது. என் ஈயக் கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆம்புலன்ஸில் சென்னைக்கு அனுப்பி ஆபரேஷன் நடந்தது. பிழைத்துவிட்டார். நான்கு மாதம் கழித்து ராஜினாமாக் கடிதத்தோடு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கேத்லேப் கதவுக்கு வெளியிலேயே நின்றார், உள்ளே வாருங்கள் என்று எத்தனை தடவை கூப்பிட்டும் வரவில்லை. உள்ளே அடுத்த நோயாளி ஏறிப் படுத்துக்கொண்டிருந்தார், முதுகு பட்டதும் லேசாக உடம்பைத் தூக்கி மறுபடி படுத்தார். ராஜு அண்ணா அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தெலுங்கே கலக்காத தமிழில் சொன்னார். "அந்த மேசை இவ்வளவு சில்லுன்னு இருக்கும்னு இத்தனை பேர்ல ஒருத்தராவது சொல்லியிருப்பாங்க சிஸ்டர், நாமதான் காதுல வாங்கல."

இத்தனையும் பார்த்த பிறகும், எனக்கு நெஞ்சு லேசாக வலித்தால் இரண்டு நாள் வாயு என்று சொல்லிக்கொண்டு சீரகத் தண்ணீர் குடிக்கிறேன் என்பதுதான், இருபத்திரண்டு வருஷ இதய வைத்தியத்தில் நான் கண்ட பலன்.